செருப்பு வாசலில் கிடந்தால் ஆள் உள்ளே

பாலைப்பழம்:

போன மாதம் கணக்காய்வு வேலையாகக் கிளிநொச்சியில் நாலு நாள் தங்கினேன். ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மூன்று மாடி விடுதி. எனக்கு வீட்டுப் பழக்கம் விடாது. செருப்பை அறை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். காலையில் வேலைக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டு போவதால் செருப்பு வாசலிலேயே கிடக்கும்.

இரண்டாம் நாள் பின்னேரம் நாலு மணிபோலத் திரும்பி வந்தால், மாடிப்படியில் ஒரு அக்கா வாளி, தும்புத்தடி, மடித்த பெட்ஷீட் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறார். என்னைக் கண்டதும் எழும்பி, "தம்பி, நீங்கள் உள்ளுக்கு இல்லையோ?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையால் செருப்பைக் காட்டினார்.

கதவில் தொங்கவிடுகிற 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையை அங்கே யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லையாம். என்னுடையதும் அலுமாரிக்குள் பைபிளோடு கிடந்தது. அதனால் அவர்கள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: செருப்பு வாசலில் கிடந்தால் ஆள் உள்ளே, தட்டக் கூடாது. காலை ஒன்பது மணி, பதினொரு மணி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மூன்று தரம் மாடி ஏறி வந்து செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஒரு அறை மிச்சமிருக்க வீட்டுக்குப் போனால் மேனேச்சர் ஏசுவார். தருமபுரம் போகிற பஸ்ஸும் போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு அன்று துப்பரவே தேவைப்படவில்லை. கட்டில் முழுக்க பைல்களைப் பரப்பி வைத்திருந்தேன். ஒருவரும் தொடக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்தேனே தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. காலையில் கீழே இறங்கும்போது ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த அக்கா மூன்று மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருப்பார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

முத்தையன்கட்டு:

என்னுடையது பாவக்கணக்கு. 2010இல் மீள்குடியேற்ற வேலைக்காக இந்தப் பக்கம் வந்தபோது விடுதி என்றால் நாலு அறையும் ஒரு கிணறும்தான். ஒட்டுசுட்டான் வீதி அப்போது வெறும் கிரவல். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் முழங்கால் வரை சிவப்பு. அறையில் வெள்ளைத் துவாய் மடித்து வைத்திருப்பார்கள். நான் அதாலேயே சப்பாத்தைத் துடைப்பேன். தோய்க்கத்தானே போகிறார்கள் என்ற நினைப்பு.

ஒருநாள் வேளைக்கே திரும்பிவிட்டேன். கிணற்றடியில் ஒரு பிள்ளை அந்தத் துவாயைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது. வன்னித் தண்ணி தெரியும்தானே, சுண்ணாம்புத் தண்ணி. சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்காத சவர்க்காரத்தால் கிரவல் மண்ணை எடுக்கப் பார்த்தால் கைதான் தேயும். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் பையில் பழைய சாரத்துண்டு ஒன்று இருக்கும், சப்பாத்துக்கு.

முறிகண்டியில் பஸ் நின்றதும் கச்சான் வாங்கி, அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் இருந்து கோது உடைக்கிற ஆட்களும் கையைத் தூக்குங்கள். நானும் தூக்குகிறேன்.

கூடாரம்:

நான் கொஞ்சம் வேறு மாதிரி ஆள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தோம். கூடாரத்துக்குக் கதவு கிடையாது, துணிதான். யாரும் எந்த நேரமும் விலக்கிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு எங்கே தங்கினாலும் கதவைப் பூட்டி, கதிரை ஒன்றையும் அணைத்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன். யாராவது தட்டினால் இப்போதும் நெஞ்சு அடிக்கும். சிரிக்காதீர்கள்.

வவுனியாவில் ஐந்து நாள் தங்க வேண்டி வந்தது. முதல் நாள் காலை கதவுக்கு வெளியே ஒரு குரல்: "அண்ணை, அறை துப்பரவாக்க வந்திருக்கிறன். தட்டப் போறன்." பிறகு விரலால் இரண்டு தட்டு. அதுவும் மெல்ல. இப்படி ஒருவரும் சொல்லிவிட்டுத் தட்டி நான் கேட்டதில்லை. திறந்து, ஏன் பிள்ளை முதலே சொன்னீர் என்று கேட்டேன். "இஞ்ச கனபேருக்குத் தட்டினாப் பயம் அண்ணை. எனக்கும்தான்" என்றது.

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, பிள்ளையும் சொல்லவில்லை. அந்த ஐந்து நாளும் ஒன்பது மணிக்குக் குரல் கேட்கும். நான் குப்பை வாளியையும் பாவித்த துவாயையும் வாசலில் கொடுப்பேன், புதுத் துவாயை வாங்கிக்கொள்வேன். ஒருவரும் உள்ளே வரவில்லை. கடைசி நாள் மட்டும் நானே கேட்டு, தும்புத்தடியை வாங்கிக் கூட்டினேன். அது சிரித்தது. ஆம்பிளை கூட்டுகிற மாதிரித்தான் கூட்டியிருப்பேன்.

ஸ்காபரோ சித்தி:

நான் இன்சுலின் போடுகிறவள். கனடாவில் மருந்துக்கடையில் பாவித்த ஊசிகளைப் போட்டு வைக்க மஞ்சள் டப்பா தருவார்கள். ஊருக்கு வரும்போது அதை மறந்துவிட்டு வந்தேன். முல்லைத்தீவில் தங்கிய அறையில் ஊசியை டிஷ்யூவில் சுற்றிக் குப்பை வாளியில் போட்டேன். அடுத்த நாள் வந்த பிள்ளை குப்பைப் பையைக் கையால் அமத்திக் கட்டப் போனதைப் பார்த்துக் கத்தியே விட்டேன். நல்ல காலம், குத்தவில்லை. ஊசி, பிளேட், உடைஞ்ச கிளாஸ் எதுவென்றாலும் ஒரு சோடாப் போத்தலில் போட்டு மூடியை இறுக்கி, வாளிக்குள் போடாமல் மேசையில் வைத்துவிட்டு ஆளுக்குச் சொல்லுங்கள்.

அட்டை விஷயம் ஒன்று. 2017 ஒக்ரோபரில் லாஸ் வேகஸில் ஒருவன் ஹோட்டலின் 32ஆம் மாடி அறையிலிருந்து இசை நிகழ்ச்சிக்கு வந்த சனத்தைச் சுட்டான். அவன் கதவில் தொந்தரவு செய்ய வேண்டாம் அட்டைதான் தொங்கியது. அதற்குப் பிறகு அங்கே பெரிய ஹோட்டல்கள் பல, அட்டை தொங்கினாலும் இடைக்கிடை வந்து பார்ப்போம் என்று விதியை மாற்றின. ஆகவே அட்டை போட்டால் ஒரு கிழமைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக் குளியலறையில் நின்று பாடாதீர்கள். எனக்கு நடந்தது.

நேர்கோடு:

எல்லோரும் நல்லவர்களாக எழுதுகிறீர்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன். அறைக்குக் காசு கட்டுகிறோம், பெரிய இடமென்றால் பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதமும் எடுக்கிறார்கள். என் சாமான் பத்திரமா என்று பார்ப்பது என் உரிமை. முதல் நாள் ஒரு ஆயிரம் ரூபா நோட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் மறந்த மாதிரி விட்டுவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது இருந்தால் ஆள் நல்ல ஆள். இதுவரை ஒருதரமும் காணாமல் போகவில்லை. இதில் யாருக்கு என்ன நட்டம்?

பெயர் வேண்டாம்:

நான் இந்த வேலைதான் செய்கிறேன், ஏழு வருடம். எந்த ஊர், எந்த விடுதி என்று கேட்க வேண்டாம். மகளின் போனில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு அண்ணை, நீங்கள் வைக்கிற ஆயிரம் ரூபா எங்களுக்குத் தெரியும். மறந்த காசு கசங்கி இருக்கும், சில்லறையோடு இருக்கும். வைத்த காசு நேராக இருக்கும். ஒருமுறை ஒருவர் வைத்த நோட்டு மின்விசிறிக் காற்றுக்குப் பறந்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. நான் அதைத் தொடாமல் வெளியே வந்து, அடுத்த மாடியில் நின்ற பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் பார்த்துக்கொண்டு நிற்க, கட்டிலுக்குக் கீழே ஊர்ந்து எடுத்தேன். எடுத்து மேசையில் வைத்து, மேலே தண்ணிக் கிளாஸைப் பாரமாக வைத்தேன். பிறகு அந்த அறைக்கு இரண்டு பேராகத்தான் போனோம். எங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டீர்கள். ஒரு அறைக்கு இரண்டு ஆள் போனால் அவளுடைய அறை ஒன்று பிந்தும். அவ்வளவுதான் நட்டம்.

காசு உண்மையாகவே எங்களுக்குத் தர விரும்பினால் கையில் தாருங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டில் "இது உங்களுக்கு" என்று எழுதி அதோடு வையுங்கள். துண்டு இல்லாத காசை நாங்கள் எடுக்கமாட்டோம். எத்தனையோ பேர் போகும்போது மேசையில் நூறு, இருநூறு வைத்துவிட்டுப் போவார்கள். அது எங்களுக்கா, மறந்துவிட்டார்களா என்று தெரியாமல் கீழே வரவேற்பு மேசையில் கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது.

இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். போகிற நாள் கட்டிலை அழகாக விரித்துவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் எல்லாவற்றையும் உருவத்தான் வேண்டும். விரித்து வைத்தால் உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது. ஒருமுறை ஒரு அம்மாவின் தோடு தலையணை உறைக்குள் போய், தோய்க்கிற இடத்தில்தான் கிடைத்தது. பாவித்த துவாயைப் பாவிக்காத மாதிரி மடித்துக் கம்பியில் போடாதீர்கள். நான் மணந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே ஒரு மூலையில் போடுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பொம்பிளைப் பிள்ளைகளுக்கு. பெட்ஷீட்டில் கறை பட்டால் வெட்கத்தில் மெத்தைக்குக் கீழே ஒளித்துவிட்டுப் போகிறீர்கள். மூன்றாம் நாள் மணத்தில்தான் கண்டுபிடிப்போம், அதற்குள் கறை காய்ந்துவிடும். பச்சைத்தண்ணியில் நனைத்து வாளியில் போட்டுவிட்டால் போதும். சுடுதண்ணி ஊற்ற வேண்டாம், இரத்தக்கறை பிடித்துக்கொள்ளும். நாங்களும் பொம்பிளைகள்தான். மருதாணி, தலைக்குப் பூசுகிற மை, நுளம்புத்திரி சுட்ட ஓட்டை எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கேட்பார்கள். சொல்லிவிட்டுப் போனால் எங்கள் தலையில் விழாது.

நாங்கள் உங்கள் அறையில் ஒன்றையும் பார்ப்பதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கண் இருக்கிறது, பார்க்கிறோம். மருந்து, போத்தல், யார் வந்தார்கள், யார் அழுதார்கள், எல்லாம் தெரியும். தொடக் கூடாத சாமான் இருந்தால் ஒரு பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்துவிடுங்கள். மூடின பையை நாங்கள் தூக்கித் தூசு தட்டிவிட்டு அதே இடத்தில் வைப்போம். பரப்பி வைத்த கடதாசிக்குத்தான் பயம். எதை எங்கே வைத்தீர்கள் என்று தெரியாது.

உப்புக்காத்து:

முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஆறு அறை வைத்து நடத்துகிறேன். பெயர் வேண்டாம் சொன்னது எல்லாம் சரி. ஒருவர் விட்டுப்போன அறைக்கு முக்கால் மணித்தியாலம் போகும், தங்கியிருப்பவரின் அறைக்குக் கால் மணித்தியாலம். நீங்கள் "எனக்கு இரண்டு நாளைக்கு ஒருதரம் போதும்" என்று சொன்னால் எனக்குத் தண்ணி மிச்சம், அவர்களுக்கு முதுகு மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு பெட்ஷீட் காயவே காயாது, அந்தக் காலத்தில் இதைக் கைகூப்பிக் கேட்கிறேன். கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் வெளியே பைப்பில் காலைக் கழுவுங்கள். மணல் பாத்றூம் குழாயை அடைத்தால் அதைக் கையை விட்டுத் தோண்டுகிறது நானில்லை, அந்தப் பிள்ளைகள்.

அட்டை போட்டாலும் இரண்டாம் நாள் நாங்கள் போன் அடித்துக் கேட்போம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வைத்துக்கொண்ட பழக்கம். கோபிக்காமல் "இருக்கிறேன், சுகமாக இருக்கிறேன்" என்றால் போதும்.

சம்பளம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியில் 30,000 ரூபா ஆனது. ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் என்று நீங்களே பாருங்கள். நேர்கோடு தம்பி, அந்த ஆயிரத்தைக் கையிலேயே கொடுத்துவிடலாமே.

கனகராயன் கரை:

வன்னியில் அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்பது பெரிய கேள்வியே இல்லை. துப்பரவாக்க வருகிறவர் உங்கள் மாமிக்குச் சொந்தமா என்பதுதான் கேள்வி! வீட்டில் சொல்லாமல் டொக்டரைப் பார்க்க வவுனியாவுக்குப் போய்த் தங்கினேன். கதவைத் திறந்தால், "நீங்கள் ரீச்சரின்ர மகளெல்லோ?" எனக்குக் காலெல்லாம் நடுங்கியது. அவர் மேசையில் இருந்த ஸ்கான் படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துவாயை மாற்றினார், போனார்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவோடு போனேன். சனத்துக்குள் நேருக்கு நேர் வருகிறார். என்னைத் தெரியாத ஆள் மாதிரிக் கடந்து போனார். நான் சிரித்த பிறகுதான் சிரித்தார். யாரடி அது என்று அம்மா கேட்டா. பஸ்ஸில் பழக்கம் என்றேன்.

பாலைப்பழம்:

இந்தக் கிழமை திரும்பவும் அதே விடுதிக்கு வந்திருக்கிறேன். பைல்களைப் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தாயிற்று. முதல் நாளே ஒரு துண்டில், "அக்கா, காலை எட்டரைக்குப் போய்விடுவேன். செருப்பைப் பார்க்க வேண்டாம். இன்றைக்குக் குப்பையும் துவாயும் மட்டும் போதும்" என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனேன்.

பின்னேரம் வந்தால் துண்டு மேசையில் இருக்கிறது, மேலே தண்ணிக் கிளாஸ். என் எழுத்துக்குக் கீழே பென்சிலால்: "சரி தம்பி. ஆனா செருப்பை உள்ளுக்கு எடுத்து வையுங்கோ. இண்டைக்கு நாய் ஒண்டைக் கொண்டு ஓடிட்டுது. கலைச்சுப் பிடிச்சு வைச்சிருக்கிறன், கட்டிலுக்குக் கீழ பாருங்கோ."