நாலு நாள் ஸ்கிரிப்டா, மாதக் கட்டணத் தளமா?

நிலாவெளி விடுதி:
எட்டு அறை. புக்கிங் டொட் கொம், எயார்பிஎன்பி, வாட்ஸ்அப் மூண்டிலயும் ஆள் வருது. மனிசி சீஆர் கொப்பியில எழுதி எழுதி அழிக்கிறா. தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் நாலு நாளில ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், எழுதி எல்லாத்தையும் கோத்துத் தாறன் எண்டு 45,000 ரூபா கேக்கிறான். கூட்டாளி ஒருத்தர் சனல் மனேஜர் (எல்லாத் தளத்திலயும் அறைக் கணக்கை ஒண்டாப் பாக்கிற சேவை) எடு, மாதாமாதம் டொலர்ல கட்டு எண்டுறார். மே வந்தா சீசன். என்ன செய்யலாம்?

உப்புவெளி கோடர்:
பெடியனிட்டக் குடுங்க அண்ணா. 2022 இல டொலர் 200 சொச்சத்தில இருந்து 360 ஐத் தாண்டினது மறந்துபோச்சா? மாரியில ஒரு ஈ காக்கா வராட்டியும் கட்டணம் விழும். எட்டு அறைக்குக் கப்பல் எதுக்கு, வள்ளம் காணும்.

பழைய டெவலப்பர்:
வள்ளம் எண்டாலும் ஓட்டை பாக்கோணும் தம்பி. புக்கிங் டொட் கொம் தன்ர ஏபிஐயை (வெளி நிரல் உள்ள வாற வாசல்) ஒப்பந்தம் உள்ள பங்காளிகளுக்குத்தான் திறக்கும். பெடியன் எப்பிடி உள்ள போவான்? ஒண்டில் ஐகல் இணைப்பு, நாள்காட்டியைப் பகிர்ற வழி. அது சில மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் புதுப்பிக்கும், அதுக்கிடையில கடைசி அறை ரெண்டு பேருக்குப் போயிரும். இல்லாட்டி ஜீமெயிலுக்கு வாற மெயிலை வாசிச்சு ஷீட்டில போடுறது.

அந்த ரெண்டாவதை நானே ஒரு டைவிங் கடைக்கு எழுதினனான். நிரலுக்கு ஜீமெயில் அனுமதி எடுக்கிற கூகுள் கொன்சோலில அதை 'டெஸ்டிங்' (சோதனை) நிலையிலயே விட்டிட்டன். அதில ரிஃப்ரெஷ் டோக்கன், அந்த அனுமதியைப் புதுப்பிக்கிற சாவி, 7 நாளில காலாவதி. ஆவணத்தில இருக்கு, நான்தான் வாசிக்கேல்ல. எட்டாம் நாள் ஒரு சத்தமும் இல்ல, ஷீட் வடிவா இருந்துது. புறாத்தீவுக்கு ஒரே படகுக்கு ரெண்டு குடும்பம் லைஃப் ஜாக்கெட்டோட வந்து நிண்டப்பதான் தெரிஞ்சது.

உப்புவெளி கோடர்:
அது உங்கட கவனக்குறைவு. பிழை வந்தா டெலிகிராமுக்கு அறிவிக்கப் பத்து வரி காணும். தளம் சாகாதோ? ஆப்புகளுக்குப் பின்னால தரவை வச்சிருக்கிற பார்ஸ் எண்ட தளத்தை பேஸ்புக் 2013 இல வாங்கி 2017 ஜனவரியில மூடினது. அதை நம்பி ஆப் செய்தவனெல்லாம் இடம் தேடி ஓடினான்.

பழைய டெவலப்பர்:
ஒரு வருசத் தவணை குடுத்து, சேவர் கோடையும் திறந்து விட்டிட்டுத்தான் மூடினது. உங்கட பெடியன் கொழும்பில வேலை கிடைச்சுப் போனா எத்தினை நாள் தவணை தருவான்?

கிண்ணியா காக்கா:
வாட்ஸ்அப்பில வாறவனை ஆர் பதியிறது? அதைக் கையால தட்டாட்டி ரெண்டும் ஒண்டுதான். நம்மட கடையில அங்கதான் இடிச்சது.

நிலாவெளி விடுதி:
பெடியனிட்டக் கேட்டன், ஸ்கிரிப்ட் நிண்டா ஆருக்கு முதல்ல தெரியவரும் எண்டு. "உங்களுக்குத்தான் அங்கிள்" எண்டான்! அறைகளுக்கு சனல் மனேஜரை ஒரு மாதம் பாக்கப் போறன். எங்கட விடுதிப் படகு சீட் கணக்கை மட்டும் அவன் செய்யட்டும், 15,000 க்கு இறங்கியிருக்கிறான். வாட்ஸ்அப் ஆக்களை மனிசிதான் பதிவா. கொப்பியைத் தர மாட்டன் எண்டுறா.

உப்புவெளி கோடர்:
டெலிகிராம் பத்து வரியை நான் சும்மா எழுதித் தாறன் அண்ணா. கொப்பியைப் பறிச்சிடாதீங்க.