கால்வாய் நீர்மட்ட சென்சர்: லோராவானா, சிம்மா? எந்த மட்டத்தில் எச்சரிப்பது?

கொழும்பு06 கேட்டது:

வணக்கம். வெள்ளவத்தைக் கால்வாயிலும் அதில் வந்து விழும் கான்களிலும் 12 இடங்களில் நீர்மட்ட சென்சர் பூட்டி, தெருவில் தண்ணீர் ஏறுமுன் குடியிருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் மாதிரித் திட்டம் ஒன்றை மாநகர சபைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நீர்புகாத அல்ட்ராசோனிக் சென்சர், லோரா போர்ட், 3.6 வோல்ட் லித்தியம் பற்றரி என்று யோசனை. லோராவான் (குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளைச் சில கிலோமீற்றர் அனுப்பும் லோரா ரேடியோ வலையமைப்பு) போதுமா, ஒவ்வொன்றுக்கும் சிம் போடுவதா? எங்கே, எப்படிப் பூட்டுவது? எச்சரிக்கை மட்டத்தை எப்படித் தீர்மானிப்பது?

அலைவாங்கி:

இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் 12 இடம் என்றால் லோராவான் தாராளம். சிம் போட்டால் 12 மாதாந்தக் கட்டணம், பற்றரியும் சீக்கிரம் இறங்கும். உயரமான இரண்டு கட்டடங்களில் ஒவ்வொன்றாக 8 சனல் கேற்வே, அதாவது சென்சர்களின் செய்தியை 8 அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் கேட்டு இணையத்துக்கு அனுப்பும் பெட்டி, வையுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது கேட்கும். மலிவாகக் கிடைக்கும் ஒற்றைச் சனல் கேற்வேயைத் தொடவே வேண்டாம், பெரும்பாலான பக்கெற்றுகள் தொலைந்துபோகும். எந்த அலைவரிசை என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் எழுத்தில் வாங்கிய பிறகு போர்ட்டை ஓடர் பண்ணுங்கள். ஐரோப்பிய 868 மெகாஹேர்ட்ஸ் அன்ரனாவோடு வந்ததை 923இல் ஓட்டினால் தூரம் குறையும்.

ஏஎஸ்923 என்ற ஆசிய 923 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைத் திட்டத்தில் ஒரு செய்தி 400 மில்லிசெக்கனைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு போட்டால், மிக மெதுவான வேகத்தில் ஒரு செய்திக்கு 11 பைட் தான். மில்லிமீற்றரில் ஒரு மட்டம் 2 பைட், கடைசி மூன்று அளவுக்கு 6, பற்றரியும் வெப்பமும் 2. ஆக 8 பைட். ஒரு செய்தி தவறினாலும் அடுத்ததில் பழைய அளவு வந்துவிடும். அதனால் செய்தி கிடைத்ததா என்று சென்சர் கேற்வேயிடம் பதில் கேட்கும் முறையை நிறுத்திவிடுங்கள். கேற்வே பதில் அனுப்பும் நேரம் எதையும் கேட்காது. பெருமழையில் எல்லா சென்சரும் திரும்பத் திரும்ப அனுப்பத் தொடங்கினால், வேண்டிய நேரத்தில்தான் வலையமைப்பு திணறும்.

இன்னொன்று, மழையோடு கரண்டும் போகும். சென்சர் உயிரோடு இருக்கும், கேற்வே செத்துவிடும். சுமார் 5 வாட் இழுக்கும் கேற்வேக்கு 12 வோல்ட் 20 அம்பியர்மணி பற்றரி வைத்தால், இழப்புப் போக 40 மணித்தியாலம் தாங்கும். சென்சர் பக்கத்தில் அந்த 3.6 வோல்ட் பற்றரி நெடுநாள் சும்மா கிடந்தால் உள்ளே ஒரு படலம் கட்டும். அனுப்பும் கணத்தில் வோல்ட்டேஜ் விழுந்து போர்ட் ரீசெற் ஆகும். பற்றரிக்குச் சமாந்தரமாக அதற்கென்றே வரும் கப்பாசிற்றரைப் போடுங்கள்.

மட்டக்கோல்:

ரேடியோ சுலபம். இந்த மாதிரித் திட்டங்கள் பூட்டும் இடத்தில்தான் பிழைக்கின்றன.

அல்ட்ராசோனிக் சென்சர் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. காற்று ஒரு பாகை சூடானால் ஒலி செக்கனுக்கு 0.6 மீற்றர் வேகம் கூடும். வெயிலில் பெட்டி 45 பாகை, தண்ணீருக்கு மேலுள்ள காற்று 30 என்று வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியை நம்பித் திருத்தினால் 2 மீற்றர் தூரத்தில் 5 சென்ரிமீற்றர் பிழை வரும். அதுவும் தண்ணீர் உள்ளதைவிடக் கீழே இருப்பதாகக் காட்டும் பிழை. வெப்பமானியை வெளியே நிழலில் தொங்கவிட்டு, பெட்டிக்கு வெள்ளைக் கூரை போடுங்கள். பணம் இருந்தால் ராடர் சென்சரே நல்லது, காற்றின் சூடு அதை அசைக்காது. முகத்துக்குக் கீழே 25 சென்ரிமீற்றரளவு அல்ட்ராசோனிக்குக் குருடு. ஆகவே எதிர்பார்க்கும் அதியுச்ச வெள்ளத்துக்கும் மேலே அரை மீற்றர் விட்டுப் பூட்ட வேண்டும். சுவரை ஒட்டினால் சுவரில் பட்ட எதிரொலியே திரும்பி வரும். சிலந்தி வலைக்கு மாதமொருமுறை ஒரு தூரிகை போதும். கடற்கரையோரம் என்பதால் 316 தர ஸ்ரெயின்லெஸ் போல்ற்றும், இணைப்புகளில் தன்னொட்டு ரப்பர் ரேப்பும் கட்டாயம்.

இப்போது முக்கியமானது. 12 இடத்திலும் ஒவ்வொன்றாகப் போடாதீர்கள். ஒரு மதகுக்கு மேற்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று வையுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறினால் கால்வாயே நிறைகிறது, அல்லது கடல்வாயை மணல் மூடியிருக்கிறது. மேலே ஏறி, கீழே அசையாமல் இருந்தால் மதகுக்குள் பொலித்தீனும் வாழைத்தண்டும் அடைத்திருக்கிறது. முதலாவதற்கு எச்சரிக்கை, இரண்டாவதற்கு ஆள். ஒற்றைச் சென்சருக்கு இந்த வேறுபாடு தெரியாது. மழைமானி ஒன்றும் சேருங்கள். மழையே இல்லாமல் மட்டம் ஏறினால் முதலில் கடல்வாயைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கொழும்பு06:

அப்படியானால் 12 இடம் 6 ஆகிவிடுமே?

மட்டக்கோல்:

ஆகட்டும். காரணம் சொல்லும் ஆறு இடம், எண் மட்டும் சொல்லும் பன்னிரண்டைவிட மேல்.

எச்சரிக்கை மட்டத்தைத் தெருவிலிருந்து எடுங்கள். அந்தப் பகுதியில் மிகத் தாழ்ந்த வீதி விளிம்பைக் கண்டுபிடித்து, சென்சர் முகத்திலிருந்து அதற்கு எவ்வளவு இறக்கம் என்று அளந்து பதியுங்கள். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் ரியூப் மட்டமே போதும். தண்ணீர் ஏறி அந்த விளிம்புக்கு 30 சென்ரிமீற்றர் கீழே வரை வந்துவிட்டதாக மூன்று தொடர் அளவு காட்டினால் எச்சரிக்கை, விளிம்புக்கு 45 சென்ரிமீற்றருக்கும் கீழே இறங்கினால்தான் நீக்கம். இந்த இடைவெளி இல்லாவிட்டால் அலை அடிக்கும்போதெல்லாம் எச்சரிக்கையும் நீக்கமும் மாறி மாறிப் போகும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, சாதாரண நாளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். 5 சென்ரிமீற்றர் ஏறினால் உடனே அனுப்ப வேண்டும்.

கொழும்பின் வடக்குப் பக்கம் இதையே செய்பவர்கள் களனி ஆற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாகலகம் வீதி அளவுகோலில் 4 அடி விழிப்பு, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். ஆறு உயர்ந்தால் கால்வாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் வடியாது.

ஒருகுறுஞ்செய்தி:

தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 இடம்தான், புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘வெள்ளம்’ மட்டுமே 7. தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம், ஒரு பாதி பிந்தியும் வரலாம். இது 61: ‘கால்வாய் ஏறுகிறது. வாகனத்தை மேட்டில் நிறுத்தவும். அவசரம்: 117’. சிங்களத்தையும் தமிழையும் ஒரே செய்தியில் அடைக்காமல், பதியும்போதே மொழியைக் கேளுங்கள். தொலைபேசி இலக்கம், ஒழுங்கை, மொழி, சம்மதம், இந்த நான்கு போதும். அடையாள அட்டை இலக்கம் வாங்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேவைக்கு மேல் சேர்த்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அனுமதியும் ஒரே இடத்தில் கிடைக்காது. பிரதான கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம், ஒழுங்கைக் கான் மாநகர சபையிடம், காலி வீதியோரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். மூன்றுக்கும் ஒரே வரைபடத்தை இணைத்து ஒரே நாளில் கடிதம் கொடுங்கள். ‘மதகு அடைப்பு’ செய்தி இரவு 2 மணிக்கு வந்தால் யார் கைத்தொலைபேசி அடிக்கும், யார் கொக்கியோடு வருவார் என்பதை அந்தக் கடிதத்திலேயே பதவிப் பெயரோடு எழுதுங்கள்.