ஆஸ்டின் ஏ40-இல் பழைய மின்னணு இக்னிஷன் டப்பா: மாட்டலாமா?

கானாடுகாத்தான் ஏ40:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஐயா 1951-இல் வாங்கிய ஆஸ்டின் ஏ40 இன்னும் வீட்டில் இருக்கிறது. அசோக் மோட்டார்ஸ் பாகங்களை இறக்கிச் சென்னையில் பூட்டி விற்ற 1200 சிசி வண்டி. ஐயா போனபின் பல வருஷம் கொட்டகையில், மிச்சமான ஆத்தங்குடிக் கற்களுக்கு நடுவே நின்றது. போன வருஷம்தான் மறுபடி ஓட விட்டோம்.

வரும் ஆவணியில் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் என்று அப்பத்தா சொல்லிவிட்டார்கள். சிக்கலே அங்கேதான். காரைக்குடி ரோட்டில் ஐம்பதில் அருமையாகப் போகிறது. நாயனத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர விட்டால் கால் மணி நேரத்தில் மிஸ் அடிக்கிறது. கழற்றிப் பார்த்தால் நாலு பிளக்கும் கரி, ஒன்றில் ஆயில் ஈரம். போன வாரம் ஒத்திகை பார்த்தபோது கோயில் வாசலிலேயே நின்றுவிட்டது.

ஐயா அலமாரியில், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்னணு இக்னிஷன் டப்பா ஒன்று கிடைத்தது. பெரியப்பா 1970 வாக்கில் பினாங்கிலிருந்து கொண்டு வந்தாராம், மாட்டவே இல்லை. அலுமினியப் பெட்டி, சூடு ஆற மேலே வரிவரியாகத் தகடு. கம்பெனிப் பெயர் அழிந்துவிட்டது. ‘கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ்’, ‘12 வோல்ட்’ என்ற எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. என் வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த். மாட்டலாமா? பாயின்ட் (காயிலின் கரண்டை வெட்டி வெட்டி விடும் சுவிட்ச்), அதோடு இருக்கும் கண்டன்சர் இரண்டும் பழையவை; பொறிக்கு வோல்டேஜை உயர்த்தும் காயில் மட்டும் போன தீபாவளிக்குப் புதிதாகப் போட்டது.

தேவகோட்டை ஹெரால்ட்:

அந்த டப்பாவை விடுங்கள். பாயின்ட் இருக்கும் இடத்தில் காந்த வளையமும் அதை உணரும் ஹால் சென்சாரும் வைக்கிற கிட் வருகிறது, பொறியை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் அடங்கிவிடும். என் ஹெரால்ட் காரில் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. பாயின்ட் உரசுகிற வேலையே இல்லை.

செக்காலை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

தம்பி, அந்த டப்பாவில் இப்போதைக்கு ஒரு ஒயரும் கொடுக்காதீர்கள். அது எந்த எர்த்துக்குச் செய்தது என்று முதலில் தெரிய வேண்டும். அமெரிக்காவில் கொலராடோவிலிருந்து தபாலில் விற்ற டெல்டா மார்க் டென் என்ற டப்பாவுக்கு ஆர்டர் எழுதும்போதே பிளஸ் எர்த்தா மைனஸ் எர்த்தா, 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று குறிக்க வேண்டும். உங்களுடையதும் அந்த வகைதான். மாற்றிக் கொடுத்தால் உள்ளே டிரான்சிஸ்டர் அந்த நொடியே போகும். 1986-இல் ஒரு டாக்டரின் மாரிஸ் மைனர் காரில் நானே அப்படிக் கொடுத்துவிட்டேன். சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை மனசு ஆறவில்லை, அப்படி ஒரு டப்பா மறுபடி கிடைக்கவே இல்லை.

உங்கள் பெரியப்பா விவரமான ஆள். பாயின்ட் அமைப்பில் காயில் வோல்டேஜ் கொஞ்சம் நிதானமாக ஏறும். பிளக்கில் கரி இருந்தால் பொறி தாவுமுன்பே மின்சாரம் கரி வழியாகக் கசிந்துவிடும். இந்த டப்பா 12 வோல்ட்டை 400 வோல்ட் பக்கம் உயர்த்தி ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கும். பாயின்ட் திறந்ததும் மொத்தத்தையும் ஒரே அடியாகக் காயிலில் கொட்டும். வோல்டேஜ் சில மைக்ரோ செகண்டில் ஏறுவதால் கரி பிடித்த பிளக்கிலும் பொறி விழும். ஊர்வல வண்டிக்கு ஏற்ற பொருள்தான். குறையும் உண்டு: பொறி மிகக் குறுகிய நேரம்தான் நிற்கும், பெட்ரோல் கலவை மெலிந்திருந்தால் ஐட்லிங்கில் தடுமாறும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் புதுக் காயில் மேல். பழைய லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ. (சாவிப் பக்கம்), சி.பி. (பாயின்ட் பக்கம்) என்று இருக்கும், குழப்பம் இல்லை. இப்போது வருவதில் பிளஸ், மைனஸ் குறி. பிளஸ் எர்த் வண்டியில் மைனஸ் முனைதான் சாவிப் பக்கம் போக வேண்டும், பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு. பலரும் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி ஓடும், ஆனால் பொறி பிளக்கின் சூடான நடுக்கம்பியிலிருந்து கிளம்பாமல் எதிர்ப் பக்கமிருந்து தாவ வேண்டி வரும், அதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். கரியும் சேர்ந்தால் மிஸ் அடிக்காமல் என்ன செய்யும்?

சோதிக்க ஒரு பென்சில் போதும். என்ஜின் ஓடும்போது பிளக் ஒயரை ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக்கிலிருந்து கொஞ்சம் தூக்கி, நடுவில் பென்சில் முனையை நீட்டுங்கள். ஆரஞ்சு நிறச் சிதறல் பிளக் பக்கம் விழுந்தால் சரி. ஒயர் பக்கம் விழுந்தால் தலைகீழ்.

தேவகோட்டை அண்ணன் சொன்ன கிட்டும் நல்லதுதான். பிளஸ் எர்த்துக்கு என்றே கேட்டு வாங்க வேண்டும். என்ஜின் நின்றபின் சாவியை ஆனிலேயே விட்டால் சில கிட்டுகள் சூடேறிக் கருகும். ஆரத்தி எடுக்க நிறுத்துகிற இடத்தில் சாவி யார் நினைவில் இருக்கும்?

கானாடுகாத்தான் ஏ40:

ஐயா, நீங்கள் சொன்னதேதான்! காயிலில் பிளஸ் முனை சாவிப் பக்கம் இருந்தது. பென்சிலில் சிதறல் ஒயர் பக்கம் தெரிந்தது, மாற்றிக் கொடுத்ததும் பிளக் பக்கம் வந்துவிட்டது. பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் கம்பி பாதியில் சிக்கியிருந்ததையும் விடுவித்தேன். நேற்றுச் சாயங்காலம் நாற்பது நிமிஷம் ஊர விட்டோம், ஒரு மிஸ் இல்லை. அப்பத்தா பின் சீட்டில் உட்கார்ந்து முழுச் சுற்றும் வந்தார்கள்.

டப்பாவை மட்டும் விட மனசில்லை. பெரியப்பா ஆசையாகக் கொண்டு வந்தது.

செக்காலை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

விட வேண்டாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கொண்டு வாருங்கள். உள்ளே எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் எந்த முனை பெட்டியில் பற்றவைத்திருக்கிறது என்று பார்த்தால் எந்த எர்த் என்று தெரிந்துவிடும். ஐம்பது வருஷமாகக் கிடந்த கெப்பாசிட்டர் கசியும், முதலில் அதை மாற்றிவிட்டுத் தனி பேட்டரியில் மேஜைமேல் ஓட்டிப் பார்ப்போம். நல்ல நிலையில் இருந்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். வீட்டில் வைத்து நீங்களே கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், அணைத்த பிறகும் 400 வோல்ட் உள்ளே நிற்கும்.

மைனஸ் எர்த் டப்பாவாக இருந்தால் வண்டியையே மாற்ற வேண்டி வரும்: பேட்டரியைத் திருப்ப வேண்டும், காயில் ஒயரை மறுபடி மாற்ற வேண்டும், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவின் எஃப் (ஃபீல்ட்) முனையில் ஒரு நொடி பேட்டரி ஒயரைத் தொட்டுக் காந்தத்தைத் திருப்ப வேண்டும். அரை நாள் வேலை. எதுவானாலும் கல்யாணம் முடிந்து புரட்டாசியில் செய்வோம், இப்போது ஓடுகிற வண்டியில் கை வைக்க வேண்டாம். காயிலையும் பாயின்டையும் பத்திரமாக வைத்திருங்கள். இந்த டப்பாவுக்கும் பாயின்ட் வேண்டும், வழியில் டப்பா மக்கர் செய்தால் பழைய ஒயரிங்குக்குத் திரும்ப ஐந்து நிமிஷம் போதும்.