2016 ஜூன் 24 காலையில் உங்களிடம் யார் என்ன சொன்னார்கள்?

ஈஸ்ட்ஹாம்_வாசி:

பிரெக்சிட் பற்றி அரசியல் பேச இந்த இழையைத் தொடங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டுமா என்று முந்தைய நாள் நடந்த வாக்கெடுப்பில் 'வெளியேறுவோம்' பக்கம் 52-க்கு 48 என்று ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையில் அலுவலகத்திலோ பேருந்திலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் சொன்ன சொல், அல்லது நீங்கள் சொல்லாமல் விட்ட சொல், இன்னும் மனதில் கிடக்கிறதா? அதை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

சென்னையிலிருந்து வேலை விசாவில் லண்டன் வந்து அப்போது எனக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் ஓட்டு இருந்தது. வாக்காளர் அட்டை வீட்டுக்கே வந்தது, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். 23-ஆம் தேதி லண்டனில் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். மாலையில் ரயில்கள் நின்று நின்று வந்தன. ஈஸ்ட் ஹாமில் இறங்கும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது, ஷூவுக்குள் தண்ணீர். வாக்குச்சாவடி பத்து மணி வரை திறந்திருக்கும், எட்டு நிமிட நடைதான். எப்படியும் 'இருப்போம்' பக்கம்தான் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய் ரசத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அலுவலகக் கேன்டீன். காபி போடுகிறவர் போலந்துப் பெண்மணி, பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறார், மகள் இங்கேதான் படிக்கிறாள். போலந்து காமன்வெல்த்தில் இல்லாததால் அவருக்கு இந்த வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை. கண்கள் வீங்கியிருந்தன. கோப்பையை நீட்டியபடியே, "உனக்கு ஓட்டு இருக்கிறது என்றாயே, போட்டாயா?" என்று கேட்டார்.

"போட்டேன்" என்றேன்.

"நன்றி" என்று சொல்லி, காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காபியை நான் குடித்தேன்.

வித்தியாசம் 12 லட்சத்து 69 ஆயிரம் ஓட்டு. என் ஒற்றை ஓட்டால் எதுவும் மாறியிருக்காது, அது தெரியும். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று 'வெளியேறுவோம்' பக்கத்தார் பிரசாரப் பேருந்தில் எழுதி ஓட்டிய கதையை நம்பி அறியாமையில் ஓட்டுப் போட்டவர்களை விட, எல்லாம் தெரிந்தும் போகாமல் இருந்த என் மேல்தான் எனக்குக் கோபம்.

பாமினி_லெஸ்டர்:

உங்களுக்காவது வாக்கு இருந்தது தம்பி. நான் ஹொலண்ட் பாஸ்போர்ட். பதினைந்து வருடம் அங்கே இருந்து, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக 2004-இல் லெஸ்டர் வந்தோம், எங்களைப் போல் கனக்கப் பேர் வந்தார்கள். 2016-இல் எனக்கும் அவருக்கும் வாக்கு இல்லை. எங்களோடு இருந்த மாமிக்கு இலங்கைப் பாஸ்போர்ட், அவருக்கு வாக்கு இருந்தது! மாமியைத்தான் காரில் கூட்டிக்கொண்டு போனோம். எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவதென்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, எண்பது வயது கிட்ட இருக்கும். எனக்குப் பிரசவம் நடந்தபோது மூத்தவனைப் பார்த்துக்கொண்டவர். வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு நின்றவர் அதை எடுத்துவிட்டுச் சொன்னார், "நான் வெளியேறத்தான் போட்டேன், உன்னிடம் மறைக்க விருப்பமில்லை. ஆனால் உங்களை நினைத்துப் போடவில்லை, நீங்கள் சிலோன்காரர், எங்கள் ஆட்கள். அந்த ஐரோப்பாக்காரர்தான் அளவுக்கு மீறி வந்துவிட்டார்கள்."

அவர் சொன்ன ஐரோப்பாக்காரி நான்தான். பன்னிரண்டு வருடமாக அது அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டுப் போர்வையை உதறினேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மழைநாள்_எழுத்தர்:

நான் அந்த மழை நாளில் நியூ மால்டன் பக்கம் ஒரு சாவடியில் எழுத்தராக இருந்தேன். எங்கள் கிங்ஸ்டன் பகுதியில் வெள்ளத்தால் இரண்டு சாவடிகளை மூடி வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. நம் ஊர் மாதிரி விரலில் மை கிடையாது, அப்போது அடையாள அட்டையும் கேட்பதில்லை, பெயரும் முகவரியும் சொன்னால் போதும். கட்டியிருக்கும் பென்சிலில் போட்டால் உளவுத்துறை அழித்து மாற்றிவிடும் என்று ஒரு வதந்தி, அதனால் பாதிப் பேர் சொந்தப் பேனாவோடு வந்தார்கள்.

எனக்கு மறக்காதது ஒரு இத்தாலியப் பெண். கைக்குழந்தை, கூட ஆறேழு வயதுப் பையன், மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பட்டியலில் அவர் பெயர் இருந்தது, முன்னால் ஒரு எழுத்துக் குறியும் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் ஓட்டு என்று அதற்கு அர்த்தம். போன மாதம் மேயர் தேர்தலில் இதே மேஜையில் அவருக்குச் சீட்டு கொடுத்தவன் நான். இந்த முறை "மன்னிக்கவும்" என்றேன். அவர் சண்டை போடவில்லை. பையன்தான், "அம்மா, நம் பேரை அவர் சரியாகத் தேடவில்லை" என்றான். பெயருக்கு மேல் வைத்திருந்த ஸ்கேலை நான் எடுக்கவே இல்லை.

இரவுப்பணி_செவிலி:

ஈஸ்ட்ஹாம் தம்பி, அறியாமை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் வேண்டாம். நான் நாகர்கோவில். அப்போது சண்டர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி. அன்றைய இரவை நாடே கவனித்தது எங்கள் ஊரை வைத்துத்தான். பன்னிரண்டு இருபதுக்கு முடிவு வந்தது, 61 சதவீதத்துக்கு மேல் வெளியேற. பவுண்டு விழத் தொடங்கியதும் அப்போதுதான்.

எட்டாம் படுக்கையில் ஒரு தாத்தா. கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்பு வேலை பார்த்தவர். அங்கே கடைசித் தளங்களை 1988-இல் மூடினார்கள், நிலக்கரிச் சுரங்கத்தை 1993-இல். அவர் தூங்காமல் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். ஒரு காதுக்கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டோம். முடிவைச் சொன்னதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "என் வாழ்நாளில் லண்டன்காரன் எங்கள் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை" என்றார். அந்த மனிதருக்கு எதுவும் தெரியாமல் இல்லை. நிசான் தொழிற்சாலை அங்கே இருக்கிறது, தன் பேரன் அங்கேதான் வேலை பார்க்கிறான், ஆபத்து வரலாம் என்பதையும் அவரே சொன்னார்.

அதே நேரம் அடுத்த படுக்கையில் ஆன்டிபயாடிக் கலந்துகொண்டிருந்தவள் என் தோழி, போர்ச்சுக்கல்காரி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். விடிகாலையில் அந்தத் தாத்தாவுக்கு டிரிப் மாற்றியதும் அவள்தான். "நன்றி பெட்" என்றார் அவளிடம், அந்த ஊரில் 'கண்ணு' என்பது போல. அவளும் சிரித்தாள். இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அந்த இரவில் நான் யாருக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கோவை_குமார்:

தங்கை கல்யாணத்துக்குப் பணம் அனுப்ப வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன், வியாழக்கிழமை ராத்திரியே பவுண்டு விழுந்துவிட்டது. 1985-க்குப் பிறகு டாலருக்கு எதிராக அவ்வளவு கீழே போனது அன்றைக்குத்தான். அப்பா போனில், "உங்க ஊர்ல என்னப்பா பண்ணிட்டாங்க?" என்றார். 'உங்க ஊர்' என்று அவர் சொன்னது அதுதான் முதல் முறை.

லூட்டன்_உணவகம்:

இங்கே எழுதுகிற எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். நான் வெளியேறத்தான் போட்டேன். லூட்டனில் 56 சதவீதம் அப்படித்தான் போட்டது, அதில் எங்கள் ஆசியச் சனமும் நிறைய. காரணம் சொல்கிறேன். எனக்கு ஊரிலிருந்து ஒரு சமையல்காரரை எடுப்பிக்க முடியவில்லை, வேலை விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பு அப்படி. ஆனால் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து யாரும் ஒரு கடிதமும் இல்லாமல் வரலாம் என்று இருந்தது. அது நியாயமா? நாங்கள் வெளியேறினால் தெற்காசியச் சமையல்காரருக்கு வழி திறக்கும், கறிக்கடைகள் பிழைக்கும் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் போன்றவர்கள் சொன்னார்கள். நம்பினேன். பிறகு திறந்ததா? 2024-இல் சம்பள வரம்பு வருடத்துக்கு 38,700 பவுண்டுக்குப் போனது. எந்தச் சின்னக் கடை அதைக் கொடுக்கும்? ஏமாற்றியது அவர்கள். அதற்காக அன்று நான் கேட்டது பிழை என்று ஆகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் பிரசெல்சில் எடுத்த முடிவுக்கு இங்கே யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்வியும் பிழையில்லை. செவிலி அக்கா சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஈஸ்ட்ஹாம் தம்பி எழுதியதை ஏற்க மாட்டேன். ஓட்டுப் போடாமல் படுத்தவர் எங்களை அறியாதவர் என்று சொல்லக் கூடாது.

என் அனுபவம் சின்னது. சனிக்கிழமை இரவு ஆறு பேர் மேசை, வாராவாரம் வருகிறவர்கள். பில் வைக்கும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே, "அப்ப எப்ப மூட்டை கட்டப் போறீங்கள்?" என்றார். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அவரும் நானும் ஒரே பெட்டியில்தான் புள்ளடி போட்டிருக்கிறோம். தண்ணீர்ச் செம்போடு பின்னால் நின்ற என் அக்காவின் மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் முன்னால் நானும் சிரித்தேன்.

வெம்பிளி_அண்ணன்:

என்னிடம் பெரிய கதை இல்லை. பஸ்ஸில் ஒருத்தன் "போ வீட்டுக்கு" என்றான். "அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறேன்" என்றேன், அவ்வளவுதான்.

ஆனால் பாமினி எழுதியதைப் பார்த்தபின் ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் ஆட்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். செட்டில்ட் ஸ்டேட்டஸுக்கு, அதாவது பிரெக்சிட்டுக்குப் பிறகும் ஐரோப்பியர் இங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு, விண்ணப்பிக்கும் கெடு 2021 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. அப்போது விட்டவர்கள், உடல்நலக் குறைவு போன்ற நியாயமான காரணம் இருந்தால் பிந்தியும் விண்ணப்பிக்கலாம், பேசாமல் இருக்காதீர்கள். ஐந்து வருடம் முடியாதவர்களுக்குக் கொடுத்த தற்காலிக உரிமையான ப்ரீ-செட்டில்ட் மட்டும் இருப்பவர்கள், தானாக மாறும் என்று காத்திராமல் ஐந்து வருடம் முடிந்ததும் செட்டில்டுக்கு விண்ணப்பியுங்கள். கவுன்சில் வரி ரசீது, பி60 என்ற வருடாந்தச் சம்பள வரிச் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். இதற்கு அட்டை கிடையாது, எல்லாம் இணையத்தில்தான். வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் உங்கள் உரிமையை அவர்கள் சரிபார்க்க அங்கிருந்து ஷேர் கோடு என்ற குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பித்தால் உடனே புது எண்ணை உங்கள் கணக்கில் சேருங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் தடுமாறுவீர்கள். செட்டில்ட் கிடைத்தவர்கள் தொடர்ந்து ஐந்து வருடம் வெளியே இருந்தால் அது போய்விடும், ஊரில் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் விட நல்லது, செட்டில்ட் கிடைத்து ஒரு வருடம் ஆனதும் பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்துவிடுவது. பாமினி, நீங்கள் ஏன் இன்னும் எடுக்கவில்லை?

பாமினி_லெஸ்டர்:

அண்ணா, நான் ஆலோசனை கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தால் ஹொலண்ட் குடியுரிமை பொதுவாகப் போய்விடும். அகதியாக ஒரு பையோடு வந்து நின்ற என்னை முதலில் தன் ஆள் என்று எழுதிக்கொண்ட நாடு அது. அந்தப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய நாளில் நானும் அவரும் ஸ்டேஷன் வாங்கில் இருந்து அழுதோம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. 'எல்லாவற்றையும் விட நல்லது' என்று நீங்கள் இலகுவாக எழுதிவிட்டீர்கள்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:

லூட்டன் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது.

மழைநாள்_எழுத்தர்:

பாமினி அக்கா, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பிறகு தெரிந்ததா?

பாமினி_லெஸ்டர்:

தெரிந்தது. 2019 ஏப்ரலில் செட்டில்ட் ஸ்டேட்டஸுக்குப் போட வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கும் செயலி அப்போது ஐபோனில் வேலை செய்யாது, எங்கள் வீட்டில் எல்லாம் ஐபோன். அந்த அம்மாவிடம் பேரன் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு போன் இருந்தது. இரவல் கேட்டேன். எதற்கென்று கேட்காமலே போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிக்கு வந்துவிட்டார். பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து அதன் மேல் போனை வைக்க வேண்டும், உள்ளே இருக்கும் சிப்பை அது வாசிக்கும். எத்தனையோ தரம் வைத்தும் வாசிக்கவில்லை.

"தா, நான் பிடிக்கிறேன்" என்று பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தவர் அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு மறுபடி பார்த்தார். நான் கேத்திலைப் போட எழும்பிவிட்டேன், அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இது என்னுடையதின் நிறம்தானே" என்றார். அவருடைய பழைய பாஸ்போர்ட்டும் அந்தக் கடும் சிவப்புத்தான், மேலே ஐரோப்பிய ஒன்றியம் என்று எழுதியது.

"ஓம், ஒரே நிறம்தான்" என்றேன்.

அவர் பாஸ்போர்ட்டை மேசையில் நேராக வைத்து, போனை மேலே வைத்து, இரண்டு கையாலும் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தத் தரம் வாசித்துவிட்டது.