கொன்றது யார் என்று சொல்லாத படம்

குழு: வடக்குத் தெரு வீடு
ஞாயிறு, இரவு 9:40

சித்தி: ஹாலிவுட்லேண்ட் பார்த்து முடித்தேன். யார் பார்க்கச் சொன்னது? இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். தோசை மாவு பொங்கி வழிந்துவிட்டது. கடைசிவரை அந்த மனிதரைக் கொன்றது யார் என்று சொல்லவே இல்லை!

தம்பி: நான்தான் சித்தி. ஓடி ஒளிந்துகொள்கிறேன்.

பெரியப்பா: எப்படியம்மா சொல்ல முடியும்? நிஜத்திலேயே தெரியாதே. ஜார்ஜ் ரீவ்ஸ், தொலைக்காட்சியில் சூப்பர்மேனாக நடித்தவர். 1959 ஜூன் 16 பின்னிரவில் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு மாடியறையில் தலையில் குண்டு பாய்ந்து கிடந்தார். வயது 45. கீழே விருந்தினர்கள் இருந்தார்கள். தற்கொலை என்று முடித்துவிட்டார்கள். ஊர்தான் நம்பவில்லை.

சித்தி: அத்தான், அது சரி. அதற்காக ஒரே சாவை மூன்று விதமாகக் காட்டுவதா? வரப்போகும் மனைவியின் கைபட்டுத் துப்பாக்கி வெடித்தது, ஸ்டுடியோ பெரிய மனிதர் ஆள் அனுப்பினார், தானே சுட்டுக்கொண்டார். எதையாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள்.

அக்கா: 2006இல் படம் வந்தபோதும் இதே சண்டைதான் சித்தி. ரீவ்ஸாக வரும் பென் அஃப்லெக்கை மெச்சினார்கள். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. துப்பறிபவராக வரும் ஏட்ரியன் பிராடியின் பகுதிதான் இழுவை என்று குறைப்பட்டார்கள்.

நான்: குறைப்பட்டதில் தப்பே இல்லை. அந்தத் துப்பறிபவர் கற்பனை ஆள். அவருடைய குடும்பத் தகராறு வரும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். ரீவ்ஸ் வந்ததும் ஓடிவந்து உட்கார்ந்தேன்.

தம்பி: அந்த உடை! தொடர் முதலில் கறுப்பு வெள்ளை. திரையில் நிறம் பிரிந்து தெரிய வேண்டும் என்று நீலம் சிவப்புக்குப் பதில் பழுப்பும் சாம்பலுமாகத் தைத்திருக்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்ற வந்தவர் நேரில் பார்த்தால் துவைக்காத துணியைப் போட்டவர் மாதிரி நிற்கிறார்.

அக்கா: நீ மூன்றாம் வகுப்பில் பாட்டியின் சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திண்ணையிலிருந்து குதித்தாயே, அதைவிடவா?

தம்பி: கையில் மாவுக்கட்டு போட்டதையும் சொல்லிவிடு.

பெரியப்பா: சிரிக்காதீர்கள். 1939இல் வந்த கான் வித் தி விண்ட் படம் தொடங்குவதே அவர் இருக்கும் காட்சியில்தான். அங்கே ஆரம்பித்தவர், பிறகு எந்தப் பாத்திரத்தில் வந்தாலும் ஜனங்களுக்குச் சூப்பர்மேன்தான். சம்பளமும் பெரிதில்லை. குண்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஹாலிவுட்லேண்ட் கடைசியில் ஒரு படச்சுருளை ஓட்டுகிறார்களே, கவனித்தாயா அம்மா? அதில் ரீவ்ஸ் வீட்டுத் தோட்டத்தில் வேலை கேட்டு மல்யுத்த அசைவுகள் செய்து காட்டுகிறாரே.

சித்தி: கவனித்தேன். முகம் வாடிப்போயிருந்தது. அந்த இடத்தில்தான் அடுப்பை மறந்தேன்.

அக்கா: ஆக, படம் பிடித்திருக்கிறது!

சித்தி: பாதி. துப்பறிபவரை எடுத்துவிட்டுத் தந்தால் முழுதும். அடுத்த வாரம் படத்தை நான் சொல்கிறேன். கொலைகாரன் அகப்படுகிறானா என்று யாராவது முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

தம்பி: பெயரும் வேண்டுமா?

சித்தி: பெயரைச் சொன்னால் காலை ஒடித்துவிடுவேன்.