சப் சென்டர் எங்க கட்டணும்னு ஊர்க்காரங்ககிட்ட யாராவது கேப்பாங்களா?

கரிசக்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் முதல் தடவையா கேக்குறேன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கங்க.

எங்க ஊராட்சி கரிசல் பக்கம், மூணு ஊர் சேர்ந்தது, ஜனத்தொகை நாலாயிரத்தை ஒட்டி வரும். பழைய சப் சென்டர், அதான் நர்ஸ் இருக்கிற துணை சுகாதார நிலையம், கூரை பேந்து விழுந்து பூட்டிக் கிடக்கு. நர்ஸ் அங்கன்வாடியில ஒரு ஓரமா உக்காந்து தான் பிள்ளைகளுக்கு ஊசி போடுறாங்க, பக்கத்துலயே குக்கர் விசில் அடிச்சுட்டு இருக்கும். இப்ப புதுசு கட்ட பணம் வந்திருக்காம், நிதிக்குழு மானியம்னு சொல்றாங்க. சந்தோசம் தான். ஆனா பாத்திருக்கிற இடம் ஊருக்கு மேக்க, சுடுகாட்டுக்குப் போற பாதையில இருக்கிற புறம்போக்கு. ராத்திரிய விடுங்க, உச்சி வெயில்லயே மாசமா இருக்கிற பிள்ளைய அந்தப் பக்கம் அனுப்ப மாட்டாங்க எங்க வீட்டுப் பெரியவங்க.

சரி கிராம சபையில கேப்போம்னு போனேன். தீர்மானம் எல்லாம் முன்னாடியே எழுதி வச்சுட்டாங்க, செயலர் மூச்சு விடாம வாசிக்கிறார், டெங்கு, பிளாஸ்டிக், குடிநீர், அதுக்கு நடுவுல ஒரே ஒரு வரி, "துணை சுகாதார நிலையம் கட்ட இடம் ஒப்புதல்", அவ்வளவு தான். எங்க ஊராட்சி கணக்குக்கு 200 பேர் இருந்தா தான் கூட்டம் செல்லும். நோட்டுல 200 தாண்டி கையெழுத்து இருந்துச்சு, நான் எண்ணிப் பாத்தேன், தலை அறுபது கூட இல்ல. எந்திரிச்சுக் கேட்டா, "மேல முடிவானது தம்பி, பணம் திரும்பிப் போனா நீங்க பொறுப்பா?"ன்னு கேக்குறாங்க. இப்ப தலைவரும் கிடையாது, 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு அரசு போட்ட தனி அலுவலர் தான். சட்டையப் பிடிச்சுக் கேக்கக்கூட ஆள் இல்ல.

ஆஸ்பத்திரி விஷயத்துல ஊர்க்காரன் பேச்சு ஏறணும்னா என்ன தான் வழி? செஞ்சு பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. மனு போடுன்னு மட்டும் சொல்லாதீங்க, போட்டாச்சு, "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்"னு பதிலும் வந்தாச்சு.

ஓட்டைடவுன்பஸ்

வந்த பணத்தை வேணாம்னு சொல்ற முதல் ஊர் உங்க ஊரு தான்யா. சுடுகாட்டுப் பக்கம்னா என்ன, பேயா வந்து ஊசி போடப் போகுது? எங்க ஊர்ல இதே மாதிரி இடம் சரியில்லன்னு ஆளாளுக்குப் பேசிப் பேசி மூணு வருசம் இழுத்தாங்க, கடைசியில கட்டிடம் பக்கத்து ஊராட்சிக்குப் போயிடுச்சு. முதல்ல கட்ட விடுங்க, அப்புறம் லைட் போடச் சொல்லிக் கேளுங்க.

ரிட்டயர்டு நர்சம்மா

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியரா முப்பது வருசத்துக்கு மேல ஓடினவ. அந்தப் பக்கத்துல இருந்து பாத்தவங்கிறதால சொல்றேன்.

வழி இல்லாம இல்ல. 2005ல தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தப்பவே ஊருக்கு ஒரு கிராம சுகாதாரக் குழு இருக்கணும்னு வச்சாங்க. குறைஞ்சது பதினஞ்சு பேரு, அதுல பாதி பொம்பளைங்க, வருசத்துக்கு 10,000 ரூபா, அத என்னத்துக்கு செலவு பண்றதுன்னு குழு தான் முடிவு பண்ணணும். உங்க ஊர்லயும் பேப்பர்ல இருக்கும். குழுவுல யார் யார்னு நர்சைக் கேளுங்க, செத்துப் போனவங்க பேரு குறைஞ்சது ரெண்டு இருக்கும். நான் பாத்த வரைக்கும் பத்தாயிரமும் பிளீச்சிங் பவுடராவும் கொசு மருந்தாவும் தான் போச்சு. நானும் அப்படித் தான் கணக்கு எழுதினேன், மறைக்க ஒண்ணும் இல்ல.

ஆனா ஒரு தடவை நிஜமாவே நடந்துச்சு. 2007 வாக்குல மக்களே சுகாதார சேவையைக் கண்காணிக்கிறதுன்னு ஒன்பது மாநிலத்துல சோதனை முறையில ஆரம்பிச்சாங்க, நம்ம மாநிலமும் அதுல ஒண்ணு. நான் அப்ப இருந்த பகுதியும் அதுக்குள்ள வந்துச்சு. ஊர்க்காரங்க கூடி உக்காந்து ஒவ்வொரு சேவைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் போடணும். நர்ஸ் வீட்டுக்கு வர்றாங்களாங்கிற கேள்விக்கு எனக்கு சிவப்பு போட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போயி அழுதுட்டேன். பக்கத்து சப் சென்டர்ல ஆள் இல்லாம ரெண்டு இடத்தையும் ஒத்தையா நான் தான் பாத்துட்டு இருந்தேன், அது அவங்களுக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்துல கோவமா எந்திரிச்சு சொல்லிட்டேன். ஒரு பாட்டி, "இத மொதல்லயே சொல்றதுக்கென்னடி"ன்னு கேட்டாங்க. அந்த சிவப்புக் கார்டைத் தூக்கிட்டு அதே ஜனங்க தான் வட்டார மருத்துவ அலுவலரைப் பாக்கப் போனாங்க, காலி இடத்துக்கு ஆள் கேட்டு. நான் எழுதின பத்து லெட்டருக்கு அசையாதது அதுக்கு அசைஞ்சுது.

அங்க ஒண்ணு கத்துக்கிட்டேன். ஜனங்ககிட்ட போயி "என்ன வேணும்"னு கேட்டா டாக்டர் வேணும், கட்டிடம் வேணும், ஆம்புலன்ஸ் வேணும்னு தான் சொல்லுவாங்க, அதிகாரியும் நிதி இல்லன்னு எழுந்து போயிடுவார். "போன தடவை உடம்புக்கு முடியாதப்ப என்ன செஞ்சீங்க, எத்தனை மணிக்கு கிளம்புனீங்க, எவ்வளவு செலவாச்சு"ன்னு கேளுங்க. அதுல தான் விஷயம் வரும். ஒரு சாக்பீஸ் போதும், தரையில ஊரை வரையச் சொல்லுங்க, வீடு, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, ஓடை, எல்லாம். இடம் எதுன்னு படமே காட்டிடும். படம் வரையறப்ப ஆம்பளைங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, இல்லன்னா சாக்பீஸ் பொம்பளைங்க கைக்கே வராது.

தென்னந்தோப்பு

நர்சம்மா சொல்றது நூத்துக்கு நூறுங்க. நமக்கு பொள்ளாச்சி பக்கம், அத்தை வீடு பார்டர் தாண்டி பாலக்காட்டுப் பக்கம். அங்க 90கள்லயே பி.எச்.சியை, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தை, பஞ்சாயத்து கையில குடுத்துட்டாங்க, 1996ல மக்கள் திட்டம்னு கொண்டாந்து திட்டப் பணத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளாட்சிக்கே விட்டாங்க. 2008ல பாலியேட்டிவ் கேருக்குன்னே, அதாவது தீராத நோய்க்காரங்க வலியக் குறைச்சுப் பாத்துக்கிறதுக்குன்னே, அரசு தனி பாலிசி. மாமா படுத்த படுக்கையா இருந்தப்போ நர்ஸ் ஒரு பை மாட்டிட்டு வருவாங்க, கூடவே ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மளிகைக் கடைக்காரர் வருவாருங்க. அவரு டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்ல, வாலண்டியர். புண்ணு கழுவுறப்போ மாமா கையைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாரு. அடுத்த வாரம் யாரு வீட்டுக்குப் போகணும்னு அவங்களே பேசி முடிவு பண்ணிக்குவாங்க.

நம்ம பக்கமும் 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருதுங்க, குறை சொல்ல மாட்டேன், எங்கம்மாவுக்கே வருது. ஆனா எந்த நாளு எந்தத் தெருன்னு நம்மகிட்ட யாரும் கேக்கறதில்லீங்க. மாத்திரை வர்ற நேரம் அம்மா தோட்டத்துல இருக்காங்க.

கீழத்தெருக்காரி

எல்லாரும் ஊர்க்காரங்க ஊர்க்காரங்கன்னு பேசுறீங்களே, யார் அந்த ஊர்க்காரங்க?

எங்க ஊராட்சியில கிராம சபை எப்பவும் கோயில் திடல்ல தான். மேடை மேல யாரு, திண்ணையில யாரு, எங்க ஆளுங்க எங்க நிப்பாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேணாம். கூட்டத்தை மதச்சார்புள்ள இடத்துல வைக்கக் கூடாது, ஒவ்வொரு குக்கிராமமா மாத்தி மாத்தி வைக்கணும்னு கலெக்டர் ஆபீஸ் அறிவிப்புல ஒவ்வொரு தடவையும் வருது. ஒரு தடவை எங்க அண்ணன் அந்த பேப்பரைக் காட்டி சண்டை போட்டு காலனி ஸ்கூல்ல வைக்க வச்சார். அன்னைக்கு தான் எங்கம்மா முதல் தடவையா மைக்ல பேசுச்சு, பேசினது என்ன தெரியுமா, பிரஷர் மாத்திரை குடுக்கிற அன்னைக்கு நூறு நாள் வேலையும் இருக்கு, காலையில ஒரு போட்டோ மத்தியானம் ஒரு போட்டோ ஆப்ல ஏத்துறாங்க, ஆஸ்பத்திரி கியூல நின்னா போட்டோல இருக்க முடியாது, கூலி போயிடும், அதனால மாத்திரைய நிறுத்திட்டேன்னு. வீட்ல எங்ககிட்ட கூட சொல்லல. ரெண்டு வருசமா நாங்க மறதின்னு திட்டிட்டு இருந்தோம்.

கரிசக்காட்டான், ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. சுடுகாட்டுப் பாதைன்னு சொல்றீங்களே, அந்த இடத்துக்குப் பக்கத்துல யார் வீடு இருக்கு? பொதுவா அந்தப் பக்கம் தான் எங்கள வச்சிருப்பாங்க.

கரிசக்காட்டான்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். கீழத்தெருக்காரி கேட்ட கேள்விக்கு அன்னைக்கு டைப் பண்ணிட்டு அழிச்சுட்டேன், இப்ப சொல்றேன். ஆமா. காலனியில இருந்து அந்த இடம் அஞ்சு நிமிச நடை. மேக்க ஒதுக்குப்புறம்னு நான் சொன்னது எங்க தெருவுல நின்னு பாத்தா தான் ஒதுக்குப்புறம்.

நர்சம்மா சொன்ன மாதிரி செஞ்சு பாத்தோம். எங்க நர்சும் வந்தாங்க, மகளிர் குழுவுல இருந்து ஒரு இருபது பேர். கோயில்ல வேணாம்னு நடுவுல இருக்கிற ஸ்கூல் வராண்டாவுல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சாக்பீஸ் கொஞ்ச நேரத்துல தீந்து போச்சு, அப்புறம் கோலமாவு எடுத்துட்டு வந்தாங்க. போன பிரசவத்துக்கு எந்த வழியா போனீங்கன்னு கேட்டதும் காலனியில ஒரு அக்கா ஓடையை வரைஞ்சு அதுல விரல் வச்சுது. ஐப்பசி கார்த்திகையில தரைப்பாலத்து மேல தண்ணி போகும், அவங்களுக்கு வலி எடுத்தப்ப 108 வண்டி அந்தப் பக்கமே நின்னுடுச்சாம், கட்டில்ல தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஒரே ஊராட்சியில தான் பொறந்து வளந்தேன், எனக்கு இது தெரியாது. பழைய சப் சென்டர் ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்ததால அவங்க மழைக்காலத்துல அங்க வந்ததே இல்லையாம்.

அங்கேயே சண்டையும் வந்துச்சு. எங்க தெரு அத்தை ஒருத்தங்க அந்தப் பக்கம் கட்டினா நாங்க வர மாட்டோம்னு சொல்லிட்டாங்க, சுடுகாட்டுக்காக சொன்னாங்களா வேற எதுக்காக சொன்னாங்களான்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசல. கடைசியில நர்ஸ் தான் கேட்டாங்க, ரேஷன் கடைக்கு மட்டும் ரெண்டு பக்கமும் எப்படி வர்றீங்கன்னு. ரேஷன் கடை ஓடைக்கு மேக்க, ரோட்டு மேல இருக்கு, பின்னால ஊராட்சி இடம் கொஞ்சம் கிடக்கு, சீமைக்கருவேலம் மண்டி. மாசத்துக்கு ஒரு தடவை எல்லாரும் அங்க போயி தானே ஆகணும், அதனால அங்கேயே கட்டக் கேப்போம்னு ஆச்சு. ஆனா மழையில எங்க தெருக்காரங்க தரைப்பாலத்தைத் தாண்டணும். தாண்டட்டும், இவ்வளவு நாள் அவங்க தாண்டினாங்கல்ல.

அந்தப் படத்தை போன்ல எடுத்து, இருபத்தி மூணு பேர் கையெழுத்து வாங்கி (இருந்தது இருபத்தி மூணு பேர் தான்) தனி அலுவலர்கிட்டயும் வட்டார மருத்துவ அலுவலர்கிட்டயும் குடுத்தோம். அந்த டாக்டரம்மா படத்தை ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பாத்தாங்க. இடம் போதுமான்னு அளந்து தான் சொல்ல முடியும்னாங்க, சர்வேயர் வர்ற செவ்வாய்க்கிழமை வர்றாராம். கருவேலத்தை வெட்டி வைக்கச் சொல்லியிருக்காங்க. யாராவது மெஷின் வாடகை எவ்வளவு ஆகும்னு சொல்ல முடியுமா?

ஓட்டைடவுன்பஸ்

ஜேசிபி மணிக்கணக்கு, உங்க பக்கம் விசாரிச்சுக்கங்க. வேரோட பிடுங்கச் சொல்லுங்க, வெட்டி விட்டா அடுத்த மழைக்கு மறுபடி நிக்கும்.