பைக்கின் பின் டயரை வீட்டிலேயே மாற்றலாமா, கடைக்கே விடலாமா?

கரிசல்காடு:
பின் டயர் மாற்றுவது கடைக்காரர் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள், இதுதான் என் கட்சி. பழைய ஸ்ப்ளெண்டர், கிளாசிக் 350 மாதிரி ட்யூப் போட்ட ஸ்போக்ஸ் வீல் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சென்டர் ஸ்டாண்டு, நல்ல டயர் லீவர் 2, சரியான அளவு ஸ்பேனர், சோப்புத் தண்ணீர் இருந்தால் போதும். கழற்றுவது டயருக்காக என்றாலும், வீல் வெளியே வந்தால்தான் ஹப் ரப்பர் (செயின் இழுவையின் அதிர்வைத் தாங்கும் ரப்பர்), பிரேக் ஷூ, பேரிங், செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டின் பல் எல்லாம் கண்ணில் படும். ஹப் ரப்பர் நைந்துபோய் கியர் மாற்றும்போதெல்லாம் செயின் வெட்டி வெட்டி இழுக்கும். அதைச் செயின் கோளாறு என்று நினைத்து எத்தனை பேர் புது செயின் கிட் வாங்கிப் போடுகிறார்கள் தெரியுமா? கடை அவசரத்தில் அந்த ரப்பரை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

பைபாஸ்_பாண்டி:
அண்ணே, நான் டயர் கடை வைத்திருக்கிறேன். தொழில் போய்விடும் என்று பேசவில்லை. வீட்டில் மாற்றிவிட்டு ட்யூப் கிழிந்து வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். லீவரை ஒரு விரல் அளவு கூடுதலாக உள்ளே விட்டால் ட்யூப் ரிம்முக்கும் லீவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். காற்று அடித்துப் பார்த்தால் பாம்புக் கடி போல இரண்டு ஓட்டை. ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பி ரிம் விளிம்பையே வளைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

அதைவிடப் பெரிய பயம் திரும்ப மாட்டுவதில்தான் இருக்கிறது. டிரம் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் டார்க் ராடை மாட்ட மறந்துவிட்டு ஓட்டினால், முதல் தடவை அழுத்திப் பிரேக் போடும்போதே தட்டு வீலோடு சேர்ந்து சுற்றும், பிரேக் ராடு சுருட்டிக்கொள்ளும், பின் வீல் பூட்டிக்கொள்ளும். பின்னால் குழந்தை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

கரிசல்காடு:
டார்க் ராடு விஷயம் நூற்றுக்கு நூறு சரி, தம்பி. ஆனால் அது அவசரத்தில் கடையிலும் மறக்கக்கூடியதுதான். வீட்டில் செய்பவன் கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஆக்சிலை உருவும்போது எந்த புஷ் (ஆக்சிலில் கோத்திருக்கும் இடைவெளி வளையம்) எந்தப் பக்கம் வந்தது என்பதும் படத்தில் இருக்கும்.

ட்யூப் கிழிவது பலத்தை நம்புவதால் வருகிறது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயர் விளிம்பை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் இந்தப் பக்கம் தளர்ச்சி கிடைக்கும். லீவர் இறுக்கமாக இருந்தால் இன்னும் பலமாக இழுக்காதீர்கள், எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். போடும்போது ட்யூபில் லேசாகக் காற்று விட்டு உருண்டையாக்கி, பவுடர் தடவி உள்ளே வையுங்கள். டயர் விளிம்பின் கடைசி ஒரு சாண், காற்றடிக்கும் மவுத்துப் பக்கம் முடிய வேண்டும், ஏனென்றால் மவுத்து இருக்கும் இடத்தில் டயர் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது. முடிந்ததும் மவுத்தை ஒரு முறை உள்ளே தள்ளிவிட்டு இழுங்கள், அடியில் மாட்டிய ட்யூப் விடுபடும்.

மலர்_150:
என்னுடையது அலாய் வீல், ட்யூப்லெஸ். எனக்கு நீங்கள் இருவர் சொல்வதும் முழுசாகப் பொருந்தவில்லை. கைப் பம்பில் அடித்தால் டயர் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காராது, கம்ப்ரஸர் வேண்டும். லீவர் கீறினால் அலாயில் காற்றுக் கசியும். நான் வீலை மட்டும் வீட்டில் கழற்றி, ஸ்கூட்டரில் வைத்து மெஷின் இருக்கும் கடைக்குக் கொண்டுபோகிறேன். டயர் வருவதற்குள் செயினையும் ஹப்பையும் சுத்தம் பண்ணிவிடலாம். புது டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தையும் நானே பார்த்து வாங்குகிறேன். 3524 என்றிருந்தால் 2024-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது.

பைபாஸ்_பாண்டி:
இது நல்ல வழி அக்கா, எங்களுக்கும் சுலபம். டயரில் இருக்கும் அம்புக்குறியைச் சரியாக வைக்க, வீல் எந்தப் பக்கம் சுற்றும் என்று மட்டும் அதில் சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். தனியாக வரும் வீலில் செயின் பக்கம் எது என்று புதுப் பையன்கள் தடுமாறுவார்கள்.

டெல்டா_ரைடர்:
டயரை விடுங்கள், செயினுக்கு இவ்வளவு பேச்சு எதற்கு? வண்டியை ஸ்டார்ட் செய்து ஃபர்ஸ்ட் கியரில் விட்டு, சென்டர் ஸ்டாண்டில் வீல் சுற்றும்போது துணியைப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் சுத்தம். பழைய இன்ஜின் ஆயிலை மேலே ஊற்றினால் முடிந்தது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

பைபாஸ்_பாண்டி:
தயவுசெய்து இதை நிறுத்துங்கள் சார். துணி ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஐடிலில் ஓடும் இன்ஜினுக்கு விரல் ஒரு தடையே இல்லை. சாவியை எடுத்து, நியூட்ரலில் போட்டு, வீலைக் கையால் சுற்றுங்கள். அப்படிச் சுற்றும்போதும் துணி பிடித்த கை ஸ்பிராக்கெட் பக்கம் போக வேண்டாம், கீழ்ச் செயினின் நடுவிலேயே இருக்கட்டும்.

கரிசல்காடு:
இதில் பாண்டி தம்பி பக்கம்தான் நான். பழைய இன்ஜின் ஆயிலில் பொடி உலோகமும் கரியும் கலந்திருக்கும், செயினுக்கு அது தேய்ப்புப் பொருள். 90-ஆம் நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். ஓ-ரிங் செயின் என்றால் மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் மட்டும். பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த ரப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

டெல்டா_ரைடர்:
இன்ஜினை ஆஃப் செய்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊர் வண்டல் ரோட்டில் கியர் ஆயில் போட்டால் மண் முழுக்க ஒட்டிக்கொள்கிறது. மூடிய செயின் கவர் இருக்கும் வண்டிக்கு உங்கள் முறை சரி, திறந்த செயினுக்கு ஸ்பிரேதான் சரி. சரி, டென்ஷன் எவ்வளவு வைப்பது?

கரிசல்காடு:
வண்டிக் கையேட்டில் இருக்கும் அளவுதான் கணக்கு. பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளுக்குக் கீழ்ச் செயினின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்கும். வீலைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், எங்கே இறுக்கமோ அங்கே அளவெடுங்கள். ஓர் இடம் தொங்கி இன்னோர் இடம் கம்பியாக நின்றால் செயினின் ஆயுள் முடிந்தது, செட்டாக மாற்றுங்கள். சத்தம் வருகிறதே என்று இறுக்கி வைக்காதீர்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் பேரிங்கும் ஹப் பேரிங்கும் அடி வாங்கும். ஸ்விங் ஆர்மில் (பின் வீலைத் தாங்கும் கையில்) இருக்கும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம், பின்னாலிருந்து குனிந்து செயின் ஸ்பிராக்கெட்டுக்குள் நேராகப் போகிறதா என்று பாருங்கள்.

பைபாஸ்_பாண்டி:
கோட்டைப் பார்த்து வைத்தாலே நூற்றில் தொண்ணூறு வண்டி நேராகத்தான் ஓடும் அண்ணே, புதிதாகச் செய்பவரைக் குழப்ப வேண்டாம். அதைவிட இதைச் சொல்லுங்கள்: ஆக்சில் நட்டை இறுக்கும்போது பிரேக் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் ஷூ டிரம்மின் நடுவில் உட்காரும். வீல் பின்னால் நகர்ந்தால் பெடல் ஆட்டமும் மாறிவிடும். செயினைச் சரி செய்துவிட்டு பிரேக் ராடைத் தொடாமல் ஓட்டி, பிரேக் பிடித்துக்கொண்டே போய் டிரம் சூடாகி வருகிற வண்டிகள் ஏராளம்.

அப்புறம், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? அது இல்லாதவர் ஆக்சிலில் கை வைக்கக் கூடாது என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

கரிசல்காடு:
வீட்டிலேயே செய்யலாம் என்ற என் கட்சியில் நானும் மாறவில்லை தம்பி. நீங்கள் கடையில் எந்த ரெஞ்சில் இறுக்குகிறீர்கள்?

பைபாஸ்_பாண்டி:
பைப் மாட்டிய ஸ்பேனர்தான், மறைக்கவில்லை. ஆனால் தினமும் இறுக்குகிற கைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை இறுக்குகிற கைக்கு ரெஞ்ச் வேண்டும். மலர் அக்கா, நீங்கள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் உள்ள வண்டி என்றால் பழைய பின்னை நிமிர்த்திப் போடாமல் புதிது போடுங்கள்.

மலர்_150:
ரெஞ்ச் வாங்கிவிட்டேன். கையேட்டில் என் வண்டிக்குப் போட்டிருக்கும் அளவில் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் செயின் ஆட்டத்தையும் நட்டையும் இன்னொரு தடவை பார்க்கிறேன்.